கூட்டுத்தாபனத்தின் கணக்கைப் பின்பக்கத்திலிருந்து வாசிப்பது எப்படி?

அரச கூட்டுத்தாபனம் ஒன்றின் ஆண்டறிக்கை முதன்முதலில் என் கைக்கு வந்தபோது நான் அதை முன்பக்கத்திலிருந்தே வாசித்தேன். அமைச்சரின் படம், அமைச்சரின் செய்தி, தலைவரின் படம், தலைவரின் செய்தி, மரம் நடுகை. பிறகு வரிக்கு முந்திய இலாபம் என்று ஒரு தொகை. அந்தத் தொகையை வைத்து ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். எங்களோடு இருந்த மூத்த கணக்காளர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை வாங்கி, பின்பக்கமாகத் திருப்பி, கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையில் விரலை வைத்துத் தந்தார். வரவேண்டிய கடன் என்று காட்டிய தொகையில் பெரும்பகுதிக்கு ஆவணம் தரப்படவில்லை என்று அங்கே எழுதியிருந்தது. என் குறிப்பு குப்பைக் கூடைக்குப் போனது.

இந்தக் கட்டுரை அப்படித் தொடங்குபவர்களுக்கானது. செய்தி எழுதப் பழகுபவர், வணிகம் படிக்கும் மாணவர், வங்கியில் புதிதாகச் சேர்ந்தவர், அல்லது மின்பட்டியல் ஏன் ஒரே மாதத்தில் இப்படிப் பாய்கிறது என்று கேட்கும் எவரும் இதைப் பின்பற்றலாம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் இலங்கையில் இருந்தே. ஒரு கொப்பி, ஒரு பென்சில், கணக்குப் பார்க்கத் தொலைபேசி போதும்.

முதல் வேலை: பெரியதைத் தொடாதீர்கள்

எல்லோரும் மின்சார சபையிலோ ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸிலோதான் தொடங்குவார்கள். தொடங்கி இருபதாம் பக்கத்தில் களைத்துவிடுவார்கள். சிறிய நிறுவனம் ஒன்றை எடுங்கள். எங்கள் பக்கத்திலேயே பரந்தன் இரசாயனக் கம்பனி இருக்கிறது. பரந்தனில் இருந்த தொழிற்சாலை போரினால் எண்பதுகளில் நின்றுபோனது. ஆனால் கம்பனி நிற்கவில்லை. குளோரினை இறக்குமதி செய்து நீர் வழங்கல் சபைக்கு விற்கும் வேலையில் அது தொடர்ந்தது. தொழிற்சாலை இல்லாமலே ஒரு தொழிற்சாலையின் பெயரில் கம்பனி எப்படி உயிரோடு இருக்கிறது என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால், "அரச நிறுவனம்" என்ற சொல்லுக்குள் எத்தனை விதமான உயிரினங்கள் இருக்கின்றன என்பது பிடிபடும்.

எத்தனை என்பதே ஒரு கேள்விதான். கொழும்பிலுள்ள அட்வகாட்டா ஆய்வு நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது 527 என்று வந்தது. நிதி அமைச்சின் ஆண்டறிக்கைகள் வழக்கமாக விரிவாகப் பேசியது 52 முக்கிய நிறுவனங்களைப் பற்றி மட்டும். மிச்சம் உள்ளவற்றில் பலவற்றின் கணக்கைப் பொதுமக்கள் கண்டதே இல்லை. நீங்கள் எடுத்த நிறுவனத்தின் பெயர் அந்த 52க்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து அது எந்தச் சட்டத்தில் பிறந்தது என்று பாருங்கள். தனக்கென்று பாராளுமன்றச் சட்டம் உள்ள கூட்டுத்தாபனம் ஒரு வகை. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் 1969 இல் உருவான மின்சார சபையும் அப்படிப் பிறந்தவை. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவாகி, பங்குகளைத் திறைசேரி வைத்திருப்பது மற்ற வகை. ஸ்ரீலங்கன் அந்த வகை. முதல் வகையில் அமைச்சரின் கை நேரடியாக நீளும். இரண்டாவதில் பங்குதாரர் என்ற முகமூடியோடு நீளும். வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொன்னால் சட்டத்தரணிகள் கோபிப்பார்கள், ஆனாலும் தொடங்குபவருக்கு இது போதும்.

இரண்டாவது: பின்பக்கத்திலிருந்து வாசியுங்கள்

அரச நிறுவனங்களுக்குரிய விதிகளின்படி, நிதியாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் கணக்குகள் கணக்காய்வாளர் தலைமை அதிபதியிடம் போகவேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கை எந்த ஆண்டுக்குரியது, அது எப்போது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது என்ற இரண்டு திகதிகளையும் கொப்பியில் எழுதுங்கள். இடைவெளி மூன்று வருடம் என்றால், இனி நீங்கள் வாசிக்கப்போவது சரித்திரம். அந்த இடைவெளியே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. கணக்கைப் பிந்திக் கொடுக்கும் நிறுவனம் பெரும்பாலும் கணக்கை ஒழுங்காக வைத்திருப்பதில்லை.

பிறகு கணக்காய்வாளரின் கருத்து. அது நாலு விதமாக வரும். எல்லாம் சரி என்பது ஒன்று. இன்னின்ன விடயங்களைத் தவிர மற்றவை சரி என்பது இரண்டாவது. அரச நிறுவனங்களில் அடிக்கடி காண்பது இதுதான். கணக்கு உண்மை நிலையைக் காட்டவில்லை என்பது மூன்றாவது. நாலாவது, எனக்குத் தந்த ஆவணங்களை வைத்துக் கருத்தே சொல்ல முடியாது என்று கைவிரிப்பது. நாலாவதைப் புதிதாக வருபவர்கள் லேசாக எடுத்துவிடுவார்கள். உண்மையில் அதைவிடக் கடுமையானது எதுவும் இல்லை. கடைக்காரர் கணக்குக் கொப்பியே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

"இன்னின்ன விடயங்களைத் தவிர" என்பதன் கீழ் வரும் பட்டியலைத்தான் ஆறுதலாக வாசிக்கவேண்டும். மீதித் தொகையைக் கடன்காரர் உறுதிப்படுத்திய கடிதம் இல்லை, காணியின் உரித்துப் பத்திரம் இல்லை, களஞ்சியத்தில் எண்ணிய சரக்குக்கும் ஏட்டில் உள்ள சரக்குக்கும் பொருத்தம் இல்லை, நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதே ஐயம் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தொகையை எழுதிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை அறிவித்த இலாபத்தைவிடப் பெரிதாக இருந்தால், முன்பக்கத்து இலாபத்தை மறந்துவிடலாம்.

ஒரு சிறு எச்சரிக்கை. தமிழ்ப் பதிப்பில் கலைச்சொற்கள் சில நேரம் வாசிப்பவரை விரட்டுவதற்கென்றே செய்தவைபோல இருக்கும். தொகைகளையும் அட்டவணை எண்களையும் ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பூச்சியம் விடுபட்ட மொழிபெயர்ப்பை நானே கண்டிருக்கிறேன்.

மூன்றாவது: வாங்கிய விலையையும் விற்ற விலையையும் பக்கத்தில் வையுங்கள்

அரச நிறுவனம் நட்டப்பட்டால் திருட்டு, சோம்பல், தேவைக்கு மேல் ஆட்கள் என்றுதான் ஊரில் பேச்சு வரும். மூன்றும் உண்டு. ஆனால் பெரிய தொகை பெரும்பாலும் அங்கே இல்லை. விலையை யார் தீர்மானித்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

மின்சாரக் கட்டணத்தை எடுங்கள். 2014 செப்டெம்பரில் கட்டணம் குறைக்கப்பட்டது. அதன்பிறகு 2022 ஓகஸ்ட் வரை, ஏறத்தாழ எட்டு வருடம், கட்டணம் ஏற்றப்படவே இல்லை. அந்த எட்டு வருடத்தில் மழை பொய்த்த ஆண்டுகள் வந்தன, நீர்மின் குறைந்து எண்ணெயில் மின்சாரம் எடுத்தார்கள், எண்ணெய் விலை ஏறியது, ரூபா இறங்கியது. கட்டணம் மட்டும் அசையவில்லை. பிறகு 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. எட்டு வருடத்தில் சிறிது சிறிதாகக் கட்டியிருக்கவேண்டியதை ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாக வாங்கினார்கள், அதுவும் நாட்டில் எவரிடமும் காசு இல்லாத நேரத்தில்.

மண்ணெண்ணெய்க் கதை இன்னும் எங்களுக்கு நெருக்கமானது. பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விற்ற ஒரு லீற்றரை 87 ரூபாவாக வைத்திருந்தார்கள். ஏழைகளின் விளக்குக்கும் மீனவரின் வள்ளத்துக்கும் என்று சொல்லப்பட்ட சலுகை. 2022 ஓகஸ்டில் அது ஒரே இரவில் 340 ரூபா ஆனது. வடக்கிலும் கிழக்கிலும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் கரையில் கிடந்தன. சலுகை கொடுத்ததைப் பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும் அல்லவா? மீனவருக்கு இவ்வளவு கோடி என்று வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி எழுதி, அந்தக் காசைத் திறைசேரியே கூட்டுத்தாபனத்துக்குக் கட்டியிருந்தால் பாராளுமன்றம் வருடாவருடம் அதைப் பார்த்திருக்கும். வரி எழுதாமல் விலையை மட்டும் அமுக்கியதால் சலுகையின் முழுச் செலவும் கூட்டுத்தாபனத்தின் நட்டமாக மாறி, நட்டம் வங்கிக் கடனாக மாறியது.

உங்கள் கொப்பியில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடது பக்கத்தில் ஓர் அலகுக்கு விழுந்த செலவு, வலது பக்கத்தில் விற்ற விலை, நடுவில் வித்தியாசம். நடுவில் உள்ள தொகையை விற்ற அலகுகளால் பெருக்கினால், ஒரு அமைச்சரவை முடிவின் விலை கிடைக்கும். எரிபொருளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2003 முதல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி.யும் இங்கே விற்கிறது. 2022 பெப்ரவரியில் ஐ.ஓ.சி. தன் விலையை ஏற்றியபோது கூட்டுத்தாபனம் ஏற்றவில்லை. இரண்டு பெற்றோல் செட்டுகளின் விலைப் பலகைகளுக்கு இடையில் இருந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே கணக்கிட்டிருக்கலாம். மலிவான செட்டில் நின்ற நாங்கள் மகிழ்ச்சியாகத்தான் நின்றோம்.

விலைச் சூத்திரம், அதாவது செலவு மாறும்போது விலையையும் மாற்றும் கணக்குமுறை, ஒன்று இருக்கிறதா, அது நடைமுறையில் உள்ளதா என்றும் பாருங்கள். எரிபொருள் விலைச் சூத்திரம் 2018 மே மாதம் வந்தது. அடுத்த ஆட்சி மாற்றத்தோடு கைவிடப்பட்டது. நெருக்கடியின் நடுவில், 2022 மே மாதம், மறுபடி எடுத்தார்கள். சூத்திரம் தேர்தலைத் தாண்டி உயிரோடு இருந்தால்தான் அது சூத்திரம்.

நாலாவது: யார் யாருக்குக் கடன் என்று ஒரு படம் கீறுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு முழுத்தாளை எடுத்து ஐந்து வட்டம் கீறுங்கள். மின்சார சபை, பெற்றோலியக் கூட்டுத்தாபனம், ஸ்ரீலங்கன், இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் சேர்ந்து ஒன்று, திறைசேரி.

மின்சார சபை மின்நிலையத்துக்கு எண்ணெய் வாங்கிவிட்டுக் கூட்டுத்தாபனத்துக்குக் காசு கொடுக்கவில்லை. அங்கிருந்து ஓர் அம்புக்குறி. ஸ்ரீலங்கன் விமான எரிபொருள் நிரப்பிவிட்டுக் காசு கொடுக்கவில்லை. இன்னோர் அம்புக்குறி. சலுகை விலையில் விற்கச் சொன்ன அரசாங்கம் வித்தியாசத்தைக் கட்டவில்லை. மூன்றாவது. ஆகவே கூட்டுத்தாபனத்திடம் அடுத்த கப்பலுக்குக் காசு இல்லை. அது இலங்கை வங்கியிடமும் மக்கள் வங்கியிடமும் டொலரில் கடன் வாங்குகிறது. அந்த வங்கிகளில் இருப்பது யாருடைய காசு? ஓய்வூதியக்காரரின் நிலையான வைப்பு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய காசு, கடைக்காரரின் நடைமுறைக் கணக்கு. வங்கிகளின் உரிமையாளரோ திறைசேரி. சுற்றி வந்து தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

ஒரே ஒழுங்கையில் உள்ள ஐந்து வீட்டார் ஒருவரிடம் ஒருவர் கைமாற்று வாங்கினால் எல்லோருடைய கொப்பியிலும் வரவேண்டிய காசு என்று ஒரு தொகை இருக்கும். எல்லோரும் பணக்காரர்போலத் தெரிவார்கள். ஒழுங்கைக்கு வெளியே இருக்கும் கடைக்காரர் வந்து அரிசிக்குக் காசு கேட்கும் வரைக்கும். 2022 இல் வெளியே நின்ற கடைக்காரர் எரிபொருள் கப்பல். துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நிற்கிறது, டொலர் இல்லாததால் இறக்க முடியவில்லை என்று அப்போது நாளாந்தம் செய்தி கேட்டோமே, அது இந்தப் படத்தின் கடைசி அம்புக்குறி.

படத்தை எப்படி நிரப்புவது? ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கிலும் "தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல்" என்ற குறிப்பு இருக்கும். பெரும்பாலானோர் தாண்டிப் போகும் பக்கம் அது. மின்சார சபை தான் கொடுக்கவேண்டியது என்று காட்டும் தொகையும், கூட்டுத்தாபனம் தனக்கு வரவேண்டியது என்று காட்டும் தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாவிட்டால் இரண்டில் ஒரு கணக்குப் பிழை. இரண்டும் அரசாங்கத்தின் நிறுவனங்கள், தலைமை அலுவலகங்கள் இரண்டும் கொழும்பிலேயே இருக்கின்றன.

ஐந்தாவது: பிணைக் கையெழுத்தைத் தேடுங்கள்

தம்பியின் கடனுக்குப் பிணை நின்றவருக்குத் தெரியும், அவருடைய சம்பளச் சிட்டையில் அந்தக் கடன் எங்கும் இராது. தம்பி கட்டாமல் விட்ட மாதம்தான் அது வெளியே வரும். திறைசேரி கொடுக்கும் உத்தரவாதமும் அப்படித்தான். நாட்டின் கடன் தொகைக்குள் முழுமையாகத் தெரியாமல் பக்கத்தில் நிற்கும்.

ஸ்ரீலங்கன் 17.5 கோடி டொலருக்கு வெளியிட்ட பிணைமுறி, அதாவது முதலீட்டாளர்களிடம் கடன் வாங்கக் கொடுத்த பத்திரம், நல்ல பாடம். 7 சதவீத வட்டி, 2024 ஜூனில் முதிர்வு, அரசாங்க உத்தரவாதம். நட்டத்தில் ஓடும் விமான நிறுவனத்துக்கு யாரும் அந்த வட்டிக்குக் கடன் கொடுக்கமாட்டார்கள். கொடுத்தவர்கள் பார்த்தது விமானத்தை அல்ல, பிணைக் கையெழுத்தை. 2022 ஏப்ரல் 12 இல் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தியதும் அந்தக் கையெழுத்தும் பெறுமதி இழந்தது.

இத்தகைய உத்தரவாதங்களுக்குச் சட்டத்தில் ஓர் உச்சவரம்பு இருந்தது. 2003 இல் நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் வந்தபோது அது மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 4.5 சதவீதம். தலை கூரையில் முட்டிய போதெல்லாம் கூரையை உயர்த்தினார்கள். 10 சதவீதமாகி, 2021 இல் 15 சதவீதமானது. 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டம் அதை 7.5க்கு இறக்கியிருக்கிறது. நீங்கள் பார்க்கவேண்டியது வரம்பை அல்ல, வரம்பு எத்தனை தடவை திருத்தப்பட்டது என்பதை.

டொலர்க் கடன் என்றால் இன்னொரு பெருக்கல் செய்யவேண்டும். ஒரு நிறுவனத்துக்கு 100 கோடி டொலர்க் கடன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டொலர் 200 ரூபாவாக இருந்தபோது அது 20,000 கோடி ரூபா. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைப் பிடித்துவைப்பதை மத்திய வங்கி கைவிட்டதும் சில வாரங்களில் டொலர் 360 ஐ எட்டியது. கடன் இப்போது 36,000 கோடி. ஒரு லீற்றர்கூட விற்காமல், ஒருவரும் ஒரு சதமும் களவெடுக்காமல் 16,000 கோடி நட்டம். நிறுவனத்தின் வருமானம் ரூபாவில், கடன் டொலரில் என்ற இரண்டு வரியைக் கண்டால் சிவப்புப் பேனையால் கோடு போடுங்கள். பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் 2022 ஆம் ஆண்டு நட்டம் 600 பில்லியன் ரூபாவைத் தாண்டியதில் இந்தப் பெருக்கலின் பங்கு மிகப் பெரிது.

ஆறாவது: மேசையைச் சுற்றி யார் இருக்கிறார்கள்?

பணிப்பாளர் சபைப் பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஐந்து வருடத்து ஆண்டறிக்கைகளை அடுக்கி, தலைவரின் பெயர் எத்தனை முறை மாறியது, அந்த மாற்றம் அமைச்சர் மாறிய மாதத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் பொருந்தும். திறைசேரியின் பிரதிநிதி எத்தனை கூட்டத்துக்கு வந்தார் என்றும், கணக்காய்வுக் குழு வருடத்தில் எத்தனை தடவை கூடியது என்றும் பாருங்கள். அவ்வளவுதான் இங்கே எண்ணக்கூடியது. மிச்சத்தைச் சம்பவங்களில்தான் படிக்கவேண்டும். இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணெய்க் காப்பு ஒப்பந்தம். 2007, 2008 இல் எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போனபோது, கூட்டுத்தாபனம் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிற்றி, டொய்ச் உள்ளிட்ட வங்கிகளோடு ஒப்பந்தம் செய்தது. விலை ஏறினால் வங்கி கொடுக்கும், இறங்கினால் கூட்டுத்தாபனம் கொடுக்கும். கேட்க நியாயம்தான். 2008 ஜூலையில் டொய்ச் வங்கியோடு செய்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். பீப்பாய் 112.50 டொலரைத் தாண்டினால் வங்கி கொடுக்கவேண்டியது ஆகக்கூடியது 25 லட்சம் டொலர். அந்த விலைக்குக் கீழே இறங்கினால் கூட்டுத்தாபனம் கொடுக்கவேண்டியதற்கு வரம்பே இல்லை. அதே ஜூலையில் எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. டிசெம்பரில் 40க்குக் கீழே விழுந்தது. உயர் நீதிமன்றம் கொடுப்பனவை நிறுத்தச் சொன்னது. வங்கிகள் வெளிநாட்டில் வழக்குக்குப் போயின. 2012 ஒக்டோபரில் டொய்ச் வங்கிக்கு 6 கோடி டொலருக்கு மேலும் வட்டியும் கொடுக்கும்படி சர்வதேச நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சிற்றி வங்கி தன் வழக்கில் தோற்றது என்பதையும் சொல்லவேண்டும்.

இதில் விலை விழும் என்று எவரும் சோதிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை. எனக்கு ஆகக்கூடியது எவ்வளவு வரும், என்னிடமிருந்து ஆகக்கூடியது எவ்வளவு போகும் என்ற இரண்டு கேள்வியைச் சபை மேசையில் ஒருவர் கேட்டிருந்தால் போதும். எந்த ஒப்பந்தத்தைக் கண்டாலும் நீங்கள் இந்த இரண்டையும் கேளுங்கள்.

இரண்டாவது, விமானம். 1998 இல் எமிரேட்ஸ் ஸ்ரீலங்கனில் பங்கு வாங்கி, முகாமைத்துவத்தையும் பத்து வருடத்துக்கு எடுத்தது. 2007 டிசெம்பரில் லண்டனில் இருந்து திரும்ப வேண்டிய ஜனாதிபதியின் குழுவினருக்காக, நிரம்பிய விமானத்தில் இருந்து 35 பயணிகளை இறக்கும்படி கேட்டார்கள். நிறுவனம் மறுத்தது. அதன் தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை விசா ரத்தானது. 2008 இல் ஒப்பந்தம் முடிந்தது, எமிரேட்ஸ் போனது, நட்டம் வழக்கமானது. 2013 இல் எயார்பஸ்ஸிடம் புது விமானங்களுக்கு ஓடர் கொடுத்தார்கள். 2020 ஜனவரியில் எயார்பஸ் பிரித்தானிய, பிரெஞ்சு, அமெரிக்க அதிகாரிகளோடு 360 கோடி யூரோ அபராதத்துக்கு உடன்பட்டபோது லண்டன் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட உண்மைக் கூற்றில், இந்த ஓடருக்காக ஸ்ரீலங்கன் நிர்வாகி ஒருவரின் மனைவியின் கம்பனிக்கு 20 லட்சம் டொலர் போனதாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் கணக்காய்வாளர்கள் அல்லர் என்பதைக் கவனியுங்கள்.

கொள்வனவு அத்தியாயத்தை வாசிக்கும்போது விலையைவிடத் தேவையைக் கேளுங்கள். இத்தனை விமானம் எந்தப் பாதைக்கு? அந்தப் பாதைக்கு ஆள் இருக்கிறதா? பின்னர் அந்த ஓடரில் ஒரு பகுதியை ரத்துச் செய்து, ரத்துக்கும் டொலரில் கட்டினார்கள்.

ஏழாவது: இலாபம் வந்தால் இன்னும் கவனம்

2023 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 100 பில்லியன் ரூபாவுக்கு மேல் இலாபம் காட்டியது. மின்சார சபையும் இலாபத்துக்கு வந்தது. மறுசீரமைப்பு வெற்றி என்று சொன்னார்கள். ஓரளவு உண்மை. விலையை ஏற்றினார்கள், அதற்குரிய துணிவும் வேண்டும். ஆனால் 200 கோடி டொலருக்கு மேற்பட்ட கூட்டுத்தாபனத்தின் கடனை அரசாங்கம் தன் தலையில் ஏற்றிக்கொண்டது. கடன் போனால் வட்டியும் போகும், வட்டி போனால் இலாபம் வரும். அந்த ஆண்டில் ரூபாவும் ஏறியது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப 450 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். அதற்குக் காரணம் பல என்றாலும், நாலாவது படியில் நீங்கள் கீறிய படத்தில் வங்கிகளின் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு எத்தனை அம்புக்குறி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே இலாபத்தைக் கண்டால் மூன்று இடத்தில் கழித்துப் பாருங்கள்: வேறொருவர் தலைக்குப் போன கடன், ரூபா ஏறியதால் வந்த ஏட்டு இலாபம், திறைசேரி கொடுத்த மூலதனம். மிச்சம் நிற்பதுதான் வியாபாரத்தில் உழைத்தது. விற்கவேண்டுமா, அரசே வைத்திருக்கவேண்டுமா என்ற சண்டைக்குள் இந்தக் கழித்தலைச் செய்யாமல் போகாதீர்கள். ஸ்ரீலங்கனை விற்பதாக ஓர் அரசாங்கம் சொன்னது, விற்பதில்லை என்று 2024 இல் வந்த அடுத்த அரசாங்கம் சொன்னது. இரண்டு முடிவிலும் பழைய கடன் அப்படியே இருந்தது.

எட்டாவது: கேளுங்கள்

பாராளுமன்றத்தின் பொது முயற்சிகள் பற்றிய குழுவை எல்லோரும் கோப் என்றே சொல்வார்கள். 2019 முதல் அதன் விசாரணைகளுக்குள் ஊடகங்களை விடுகிறார்கள். அதிகாரிகள் விழிக்கும் காட்சிகள் நன்றாக ஓடும், ஆனால் உங்களுக்கு அதைவிடப் பயனுள்ளது அந்தக் குழுவின் அச்சிட்ட அறிக்கை. போன தடவை கொடுத்த பணிப்பு இந்தத் தடவை நிறைவேறியதா என்று இரண்டு அறிக்கையை ஒப்பிடுங்கள். குழுவின் தலைவராக யார் என்பதும் முக்கியம். 2024 மார்ச்சில் ஆளும் தரப்பில் இருந்து ஒருவரைத் தலைவராக்கியபோது உறுப்பினர்கள் பலர் விலகினார்கள்.

அறிக்கையில் இல்லாததைத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே கேட்கலாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். கூட்டுத்தாபனங்கள் மட்டுமல்ல, அரசாங்கத்துக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகளும் அதற்குள் வரும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேலலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் மறுத்தால் ஆணைக்குழு. வர்த்தக இரகசியம் என்ற பதில் அடிக்கடி வரும். அதைவிடப் பொது நலன் பெரிது என்றால் தரவேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, அதை மேன்முறையீட்டில் எழுதுங்கள்.

புதியவர்கள் செய்யும் பிழை, "ஏன் நட்டம்?" என்று கேட்பது. அதற்கு இரண்டு பக்க விளக்கம் வரும், தகவல் வராது. ஆவணத்தைக் கேளுங்கள், திகதியோடு கேளுங்கள். எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

"2024 டிசெம்பர் 31 ஆம் திகதியன்று தங்கள் நிறுவனத்துக்கு ஏனைய அரச நிறுவனங்கள் ஒவ்வொன்றும் செலுத்தவேண்டியிருந்த தொகை, அவற்றில் ஒரு வருடத்துக்கு மேற்பட்டவை, அத்தொகைகளை அந்நிறுவனங்கள் உறுதிப்படுத்தி அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதே கடிதத்தை, செலுத்தவேண்டியது என்ற இடத்தைத் திருப்பி எழுதி, மறுமுனையில் உள்ள நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள், தபாலில் என்றால் பதிவுத் தபால். 14 வேலை நாள் என்பதில் சனி, ஞாயிறு, போயா விடுமுறை சேராது, ஆகவே கலண்டரில் ஏறத்தாழ மூன்று கிழமை தள்ளி ஒரு குறி போட்டு வைத்துவிட்டு அடுத்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுங்கள்.